மணவாளனுக்கும் சேர்த்து

அம்பத்தூர்,
சித்திரபானு வருஷம், பங்குனி மாதம்.

மகா.ரா.ரா.ஸ்ரீ லோகநாதன் அவர்களுக்கு,

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. க்ஷேமத்தை விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை. கோயம்புத்தூரில் நீர் சௌக்கியமாக இருக்கிறீர், மில் ஆபீஸில் நல்ல உத்தியோகம், கைக்குழந்தைக்கு நடை வந்துவிட்டது என்றெல்லாம் மேனாம்பேட்டில் உம் சித்தப்பா சின்னசாமி சொல்லக் கேட்டுக்கொண்டேன். ஆகவே அந்தப் பகுதியை விட்டுவிடுகிறேன்.

கடிதத்தைப் பாதி படித்துவிட்டுக் கிழித்துப் போடும் வழக்கம் உமக்கு உண்டு. அதனால் முக்கியமானதை மேலேயே எழுதுகிறேன். உம் மகள் தாட்சாயிணி உயிரோடு இருக்கிறாள். இங்கே அம்பத்தூரில் இருக்கிறாள். இந்தப் பங்குனி முடிவதற்குள் நீர் வந்து அழைத்துக்கொள்ளாவிட்டால் அவளைத் தெற்கே ஏதோ ஒரு அநாதை விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். பையன் மணவாளன் உயிரோடு இல்லை. நீர் கருமம் செய்த இருவரில் ஒருவனுக்குத்தான் அது சேரும்.

இதற்குமேல் படிக்க முடியாவிட்டால் மடித்து வைத்துவிட்டு ரயில் ஏறும். மிச்சத்தை வண்டியில் படித்துக்கொள்ளலாம்.

அம்பத்தூருக்கும் கொரட்டூருக்கும் நடுவே, ரயில் பாதைக்குத் தெற்கே, பூந்தமல்லி தோல் வியாபாரி உஸ்மான் கனி சாயபுவின் பழைய கிடங்கு ஒன்று இருக்கிறது. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களில் போக்கிடம் இல்லாதவர்களை அதில் வைத்திருக்கிறார்கள். சாயபு வாடகை வாங்கவில்லை. எத்தனை முறை கழுவினாலும் தோல் நாற்றமும் ஆவாரம்பட்டை நாற்றமும் போகவில்லை. பெரியவர்கள் ஆவடிப் பக்கம் பட்டாளக் கட்டட வேலைக்கு மண் சுமக்கப் போகிறார்கள். பிள்ளைகள் பகல் முழுவதும் கிடங்கில்தான்.

அந்தப் பிள்ளைகளை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. எங்கள் பள்ளி மானேஜர் ஜெயராமன் உத்தரவை மீறவும் மாட்டார், நிறைவேற்றவும் மாட்டார். சொறி என்றார், பேன் என்றார், காலரா என்றார். கடைசியில் கிடங்கிலேயே தனி வகுப்பு நடத்தலாம் என்று முடிவு செய்து என்னை அனுப்பினார். தலைமை ஆசிரியர் நாற்காலியைத் தம் மருமகனுக்குக் கொடுத்ததிலிருந்து என்னை எதிரில் பார்க்க அவருக்குப் பிடிப்பதில்லை. என் முகத்தைப் பார்த்தால் பால் திரிந்துவிடும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நானும் அதை மாற்றிக்கொள்ள முயன்றதில்லை. தண்டனையாகத்தான் அங்கே போனேன். முதல் சில வாரம் தண்டனையாகத்தான் பாடம் நடத்தினேன்.

விசித்திரமான பிள்ளைகள். மூட்டையைக் கீழே வைக்க மாட்டார்கள். மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுவார்கள். வாசலை விட்டு உள்ளே தள்ளி உட்காரச் சொன்னால் நகர்வதுபோல் நகர்ந்து, நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள். ஆகாய விமானம் போனால் ஊர்ப் பிள்ளைகள் வெளியே ஓடிவந்து கையை ஆட்டும். இவர்கள் பலகையைத் தலைமேல் வைத்துக்கொண்டு குப்புறப் படுத்துவிடுவார்கள். சத்தம் ஓய்ந்து காக்கை கத்தத் தொடங்கிய பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயர் கேட்டால்தான் தலையைத் தூக்குவார்கள்.

தை மாதம் கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு கூட்டத்தோடு உம் மகள் வந்து சேர்ந்தாள். சிட்டகாங்கில் ஆஸ்பத்திரி, கல்கத்தாவில் ஏதோ ஒரு மடம், பிறகு ரயில். ஊர்ப் பெயர் கேட்டவர்களுக்கெல்லாம் மேனாம்பேடு, ஏரிக்கரை என்ற இரண்டையும் விடாமல் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் சென்னையில் இறக்கிவிடாமல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள்.

வகுப்பில் அவளைப் பெயர் கேட்டேன். இரண்டு பெயர் சொன்னாள். அக்காளும் தம்பியும் என்று எழுதிக்கொண்டேன். கிடங்கில் வெளிச்சம் குறைவு, சின்னப் பிள்ளைகள் பின்னால் ஒருவர்மேல் ஒருவராகக் குவிந்து கிடப்பார்கள். நான் தலையை நிமிர்த்திப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறவன் அல்ல. தாட்சாயிணி என்றால் "ஆஜர் சார்" என்று குரல் வரும். மணவாளன் என்றால் சற்றுத் தாழ்ந்த, கூச்சமான குரலில் இன்னொரு "ஆஜர் சார்" வரும். ஒரு வாரத்துக்குமேல் இப்படியே போயிற்று. பையனுக்குக் கணக்கு எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க அவனை முன்னால் வரச் சொன்ன அன்றுதான் தெரிந்தது. யாரும் வரவில்லை. எழுந்து வந்தவள் அவள்தான்.

விளையாட்டு என்று நினைத்துப் பிரம்பை எடுத்தேன். அவள் கையை நீட்டினாள். அடி வாங்கிக்கொண்டு கையை இறக்குவாள் என்று பார்த்தால், இன்னொரு கையையும் நீட்டினாள். அவனுக்கு உரியதையும் அவளே வாங்கிக்கொள்கிறாளாம். பிரம்பை வைத்துவிட்டேன். அதன் பிறகு நான் அதை எடுக்கவில்லை.

அப்போதுதான் தகப்பன் பெயர் கேட்டேன். சொன்னாள். அதுவரை அவள் முகத்தைச் சரியாகப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அது யாருடைய முகம் என்று உமக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு பழைய பேச்சைப் பேசியே ஆக வேண்டும். இரங்கூன் அரிசி ஆலை வேலை என் பெயருக்கு வந்தது. நான் முறைக்காய்ச்சலில் கிடந்த சமயம் பார்த்து நீர் போய் நின்றீர். பிறகு என்னைப் பார்க்க வந்தீர், நினைவிருக்கிறதா? கையில் சாத்துக்குடியோடு வந்து, "கப்பலுக்கு ஆள் வேணும்னாங்க, நீ எழுந்திரிக்கிற மாதிரி தெரியல" என்றீர். வேலை போனதற்காக நான் பெரிதாக வருந்தவில்லை. அந்த வேலையை நம்பித்தான் என் மாமா தம் மகள் வரலட்சுமியை எனக்குப் பேசி வைத்திருந்தார். வேலை உம்மிடம் போனதும் பேச்சும் உம்மிடம் போயிற்று. மாமாவையும் குற்றம் சொல்ல மாட்டேன். பெண்ணைப் பெற்றவர். வரலட்சுமி இரங்கூனில் காலமானாள் என்று தபால் வந்தபோதுகூட நான் உமக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவள் பெண்ணுக்காக எழுதுகிறேன். உமக்காக அல்ல.

தாட்சாயிணி அழுகிறவள் அல்ல, கதை சொல்கிறவளும் அல்ல. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். அவள் பல நாளில் சொன்னதைக் கோத்து எழுதுகிறேன். பிழை இருந்தால் நீர் திருத்திக்கொள்ளலாம், முதல் பகுதி உமக்கே தெரியும்.

இரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்த பிறகு உமக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. உமக்கும், உம் இரண்டாம் மனைவிக்கும், கைக்குழந்தைக்கும். பெரிய பிள்ளைகள் இருவரையும் ஆலைக் காவல்காரர் வீராசாமியிடம் ஒப்படைத்தீர். அடுத்த கப்பலில் அவர் அழைத்து வருவதாக ஏற்பாடு. அதை நீர் நம்பித்தான் ஏறினீர் என்கிறார் சின்னசாமி. நம்பியிருக்கலாம். அந்த மனிதரும் துரோகம் செய்யவில்லை. துறைமுகத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்து, இடமே கிடைக்காமல், கடைசியில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து புரோம் வழியாக மலைப்பாதையில் பிள்ளைகளை நடத்தி அழைத்துப் போயிருக்கிறார். மலையில் அவருக்குத்தான் முதலில் பேதி கண்டது. அதன் பிறகு இரண்டு பிள்ளைகளும் கூட்டத்தோடு தனியாக நடந்தார்கள்.

நீர் புறப்படும்போது அவளிடம் என்ன சொன்னீர் என்று நினைவிருக்கிறதா? அவளுக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. மணவாளனுக்கு வேற்று முகத்தைப் பார்த்தால் வாய் திறக்காதாமே. இரங்கூன் பள்ளிக்கூடத்திலும் அவனுக்காக இவள்தான் பேசுவாளாம். நீர் அவள் தலையில் கையை வைத்து, யார் பெயரைக் கூப்பிட்டாலும் தம்பிக்கும் சேர்த்து நீயே பதில் சொல் என்றிருக்கிறீர். அப்படியே செய்தாள். வழியில் அங்கங்கே அரிசி கொடுத்த இடங்களில் பெயர் கூப்பிட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். அவன் பெயருக்கு இவள் குரல் கொடுத்து, அவன் பங்கை வாங்கி, அவனுக்கு ஊட்டியிருக்கிறாள்.

மலை இறங்குவதற்கு முன் ஒரு இடத்தில் பையனால் நடக்க முடியவில்லை. கூட்டம் நிற்கவில்லை, தண்ணீர் இல்லாத இடம். அவனை ஒரு மரத்தடியில் படுக்க வைத்து, சாக்கைப் போர்த்தி, இவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவன் போய்விட்டான் என்றுதான் அவர்கள் சொன்னார்களாம். நான் அவளைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அவன் தூங்கிக்கினு இருந்தான் சார்."

நான் மேலே கேட்கவில்லை. நீரும் கேட்காதீர்.

மறுநாள் அரிசி கொடுத்த இடத்தில் மணவாளன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவள் பதில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கிடங்கில் கஞ்சி காய்ச்சும் கெங்கம்மாள் கொரட்டூர்க்காரி. வாய் நீளம், கை தாராளம். யாருக்கும் அளவுக்குமேல்தான் ஊற்றுவாள். தாட்சாயிணிக்கு இரண்டு பேர் பங்கு கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டுக் கண்டித்தேன். அரிசி கிடைக்காத காலம், மேலிடத்தில் கேட்டால் யார் பதில் சொல்வது என்றேன். அவள் கரண்டியால் அடுப்பைத் தட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா வாத்தியாரே, நீ கூப்ட்டா ரெண்டு பேருன்னு எழுதிக்கினே. நான் ஊத்துனா மட்டும் ஒண்ணா?"

அந்த இரண்டாம் பங்கைத் தாட்சாயிணி தின்பதில்லை என்றும் அவள்தான் சொன்னாள். சின்னப் பிள்ளைகளில் ஒருவனைக் கூப்பிட்டு, "இன்னிக்கு நீதான் தம்பி" என்று பக்கத்தில் உட்கார வைத்து ஊட்டிவிடுவாளாம். மறுநாள் வேறொருவன். முறைக்காகப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்கிறார்களாம். நேற்று முன்தினம்கூட ஒருவன் என்னிடம் வந்து, தனக்கு மணவாளனாக இருக்கும் முறை தவறிப் போயிற்று, சார்தான் கேட்டுச் சொல்ல வேண்டும் என்று புகார் செய்தான். நான் விசாரித்துத் தீர்ப்புச் சொன்னேன். என்னைப் பார்த்து நீர் சிரிக்கலாம்.

இனி எழுதுவதை நீர் நம்பாவிட்டாலும் எழுதத்தான் வேண்டும். நான் பேய் பிசாசை நம்புகிறவன் அல்ல, நம்முடைய காலேஜ் நாட்களில் அதற்காக நீரும் நானும் யாரோடெல்லாம் வாதாடியிருக்கிறோம். மாசி மாதத்தில் ஒரு நாள் தாட்சாயிணிக்குக் கடும் காய்ச்சல். கிடங்கின் அந்தக் கோடியில், சமையல் தடுப்புக்கு அப்பால், கெங்கம்மாளின் பாயில் நினைவில்லாமல் படுத்திருந்தாள். நான் பெயர் கூப்பிட்டேன். அவள் பெயரைத் தாண்டிவிட்டேன். அடுத்த பெயர் பழக்கத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது. மணவாளன்.

"ஆஜர் சார்."

அதே தாழ்ந்த குரல். கூச்சமான குரல். தலையை நிமிர்த்திப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தன. யார் சொன்னது என்றேன். ஒவ்வொருவனாக எழுப்பி ஆஜர் சார் என்று சொல்லச் சொன்னேன். ஒருவன் குரலும் அப்படி இல்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் சற்று நின்றேன். பங்குனி வெயில் வருமுன்பே எனக்குச் சட்டை நனைந்திருந்தது. கெங்கம்மாளிடம் சொன்னேன். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. கூப்பிட்டால் வரத்தானே செய்வான், கூப்பிடுவானேன், அப்புறம் பயப்படுவானேன் என்றாள்.

மறுநாளிலிருந்து பெயர் கூப்பிடுவதையே நிறுத்தினேன். அதற்குப் பிறகு வகுப்பு நடக்கவில்லை. பிள்ளைகள் உட்காரவில்லை, எழுதவில்லை. மூட்டையைக் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றார்கள். பெயர் கூப்பிடாத இடத்தில் தங்கக் கூடாது என்பது அவர்கள் வழியில் கற்றது. நான்கைந்து நாள் பார்த்துவிட்டுத் திரும்பவும் கூப்பிடத் தொடங்கினேன். அன்று தாட்சாயிணி எழுந்து வந்திருந்தாள். இரண்டு பெயருக்கும் பதில் சொன்னாள். எல்லாப் பெயரும் முடிந்த பிறகு, மூலையில் இருந்த ஒரு பையன் எழுந்து நின்று, என் தங்கச்சி பேரைக் கூப்பிடலியே சார் என்றான். அவன் தங்கை அக்யாப் துறைமுகத்தில் படகு ஏறுமுன் போனவள். கூப்பிட்டேன். அவன் பதில் சொன்னான். பிறகு இன்னொருத்தி, அவள் அம்மா. இன்னொருவன், அவன் தாத்தாவும் அண்ணனும்.

இப்போது தினமும் எங்கள் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளைவிட அதிகமான பெயர்களைக் கூப்பிடுகிறேன். எல்லாவற்றுக்கும் பதில் வருகிறது. அது முடிந்ததும் பிள்ளைகள் மூட்டையை இறக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே தள்ளி உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்கிறார்கள். பதினாறாம் வாய்ப்பாடு வரை வந்துவிட்டார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஜெயராமன் மருமகனின் வகுப்பு இன்னும் பன்னிரண்டிலேயே நிற்கிறது. இதை நான் சொல்லாமல் விட்டால் நான் நானாக இருக்க மாட்டேன். உம் மகள் கணக்கில் கெட்டிக்காரி. சின்னவர்களுக்கு அவள்தான் பலகையில் எழுதிக் காட்டுகிறாள். நம் எழுத்தையும் பர்மிய எழுத்துப்போல் வட்டவட்டமாக எழுதுகிறாள். திருத்தவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த நிலையில்தான் ஒரு காலையில் முன்னறிவிப்பில்லாமல் ஜெயராமன் வந்தார். வாசலில் நின்று நான் பெயர் கூப்பிடுவதைக் கேட்டார். தலைகளை எண்ணிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. உள்ளே வரவில்லை. மாலையில் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பிப் பள்ளிக்கூடம் நடத்தச் சொன்னால் சுடுகாடு நடத்துகிறீரா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அந்தப் பெண்தான் காரணம், அவளை முதலில் வெளியேற்ற வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். அதே சமயம் பட்டாளத்தார் சிமிட்டி வைக்கக் கிடங்கு வேண்டும் என்று சாயபுவிடம் கேட்டுவிட்டார்கள். யுத்த காலம், அவரால் மறுக்க முடியாது. என்னிடம் வந்து வருத்தப்பட்டார். ஆக, பங்குனிக் கடைசியில் கிடங்கு காலி. பெரியவர் துணை உள்ள பிள்ளைகள் அவர்களோடு போவார்கள். தாட்சாயிணிக்கு இரத்த உறவு யாராவது வந்து கேட்டால் ஒப்படைப்பார்கள். இல்லாவிட்டால் விடுதி.

நான் மேனாம்பேட்டுக்கு நடந்தேன். உம் சித்தப்பா என்னை உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரப் போகவில்லை. அவரிடம் பேசிய பிறகுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. சென்ற ஆடி அமாவாசைக்கு நீர் வந்திருந்தீராம். கப்பலில் பிள்ளைகள் இல்லை, வீராசாமியிடமிருந்து தகவலும் இல்லை, வழியில் காலராவில் எல்லோரும் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள் என்று ஏரிக்கரையில் உட்கார்ந்து இருவருக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டுப் போனீராம். நீர் எள் விட்ட படியிலிருந்து பார்த்தால் சாயபு கிடங்கின் கூரை தெரியும்.

தை மாதம் அந்தப் பெண் தானே வழி கேட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். வாசலில் நின்று, நான் லோகநாதன் பொண்ணு என்றிருக்கிறாள். உள்ளே இருந்த பெண்கள் அலறியடித்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? தெற்குப் பக்கம் சாணம் மெழுகி, இலை போட்டுச் சோறும் உளுந்து வடையும் வைத்துவிட்டுக் கதவைத் திரும்பவும் சாத்திக்கொண்டார்கள். படையல். தின்றுவிட்டுப் போய்விடும் என்று. அவள் பசியில் தின்றாள். தின்றுவிட்டுக் கதவைத் தட்டித் தம்பிக்கும் ஒரு இலை வேண்டும் என்று கேட்டாள். உடனே வைத்தார்களாம். இரண்டு பேருக்குத்தானே எள் விட்டது.

சின்னசாமி இதை வெட்கப்படாமல் என்னிடம் சொன்னார். எங்கள் வகுப்பில் அவள் சொன்னதைத்தான் அவரும் சொன்னார், ஒரு சொல் மாறவில்லை. ஆனால் அவள் அதை நல்ல மனிதர்கள் சோறு போட்ட கதையாகச் சொல்லியிருந்தாள்.

உமக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "லோகு மனசு இப்பத்தான் ஆறிக்கீது. ஏரில கரைச்ச பேரை எப்பிடி வாத்தியாரே திரும்ப ஊட்டுக்குள்ள இட்டுக்கினு வர்றது?" என்றார். கெட்டவர் அல்ல. பயந்தவர். உம் மேல்விலாசத்தை மட்டும் கொடுத்தார்.

உமக்கும் அந்தப் பயம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். காலேஜில் என்ன வாதாடினாலும் அமாவாசைக்கு அமாவாசை முழுகியவர் நீர். அதனால் அதற்கும் விசாரித்து வைத்திருக்கிறேன். திருமுல்லைவாயில் கோவில் பக்கத்துப் புரோகிதர் ஒருவரைக் கேட்டேன். செத்ததாக எண்ணிக் கருமம் செய்துவிட்ட பிள்ளை திரும்பி வந்தால் வழி இல்லாமல் இல்லையாம். தகப்பன் தன் கையால் தலையில் தண்ணீர் ஊற்றி, புதுத் துணி உடுத்தி, மடியில் வைத்துப் பிறந்த குழந்தைக்குச் சொல்வதுபோல் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். தகப்பனைத் தவிர வேறு யார் செய்தாலும் செல்லாது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. உமக்கு இருக்கிறது. ஆகவே செய்யும்.

நானே வைத்துக்கொள்ளலாமே என்று நீர் கேட்கலாம். கேட்டுப் பார்க்காமல் இல்லை. நான் ஓட்டலில் சாப்பிட்டு ஒற்றை அறையில் இருக்கிறவன். கெங்கம்மாள் வீட்டில் விட்டுப் படிப்புச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மேலிடத்துக்கு எழுதினேன். இரத்த உறவு இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அவள் அம்மாவுக்கு நான் யார் என்று எழுதியிருந்தால் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பார்கள். எழுதவில்லை. ஏனென்றால் அதற்குமுன் அவளையே கேட்டேன்.

"நைனா மேனாம்பேட்டுக்குத்தான் வருவாரு. நான் வேற ஊட்டுக்குப் போனா அவருக்கு எப்பிடி சார் தெரியும்?"

தம்பிக்காகப் பதில் சொல்வதை எப்போது நிறுத்தப் போகிறாய் என்றும் அன்றே கேட்டேன். நைனா சொன்னதால் சொல்கிறேன், அவர் வந்து போதும் என்றால் விட்டுவிடுகிறேன் என்றாள். அந்தப் பெயர் கொஞ்ச நாளாக அவள் குரலைத் தின்கிறது, லோகநாதா. தன் பெயருக்குச் சொல்லும் குரல் தாழ்ந்துகொண்டே வருகிறது. அவன் பெயருக்குச் சொல்லும் குரல் தெளிவாகிக்கொண்டே வருகிறது. முன்பெல்லாம் எது அவள், எது அவன் என்று எனக்குக் காது பிரித்துச் சொல்லும். இப்போது சொல்ல மாட்டேன் என்கிறது. விடுதியில் கொண்டுபோய்விட்டால் அங்கே யாருக்கும் இது தெரியாது. கொஞ்ச காலத்தில் ஒரே குரல்தான் மிஞ்சும். எந்தக் குரல் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நீ வா. வண்டியில் ஏறி வா. கையில் பொம்மை, மிட்டாய் எதுவும் வேண்டாம். வாங்கிக்கொண்டால் அவள் இரண்டாகத்தான் கேட்பாள். காலையில் வகுப்பு தொடங்கும் நேரத்துக்கு வந்து கிடங்கு வாசலில் நில். அன்று நான் பெயர் கூப்பிட மாட்டேன். நீ கூப்பிடு. முதலில் அவள் பெயர். ஆஜர் என்பாள். குரல் கேட்டுத் திரும்புவாள், ஆனாலும் பதிலை முடித்துவிட்டுத்தான் ஓடி வருவாள், அப்படி வளர்ந்திருக்கிறாள். அவள் உன்னிடம் வந்து சேருவதற்குள் மணவாளன் பெயரைக் கூப்பிடு. கூப்பிட்டுவிட்டு, அவள் வாயைத் திறக்குமுன் நீயே பதில் சொல்லிவிடு. என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. அது உன் பதில். ஆனால் அவள் சொல்ல விடாதே. ஒரு வருஷமாக ஒரு குழந்தை உனக்குப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

உன் மனைவியிடம் கடுமையாகப் பேசாதே. அவளும் கைக்குழந்தையோடு கடல் தாண்டி வந்தவள்தான். உன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். கைக்குழந்தைக்குத் தீர்க்காயுசு. பெரியவளுக்கும் அதுவே. வரலட்சுமியின் பிள்ளைகள் இரண்டும் இனி வழியில் நிற்க வேண்டாம். ஒன்று வீட்டுக்கு வரட்டும், ஒன்று போகட்டும்.

கடைசியில் என் பெயரை எழுதப் பேனாவை மையில் தோய்த்தேன். உனக்கு என் கையெழுத்து தெரியும், பேர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் பேர் இருந்தால் நீ என்னிடம் வந்து நிற்க வேண்டியிருக்கும். பழையதற்கெல்லாம் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். அதை நினைத்தே நீ வராமல் போனாலும் போவாய். உன்னை எனக்குத் தெரியும். பேர் இல்லாவிட்டால் அம்பத்தூரிலிருந்து யாரோ ஒரு மனிதர் எழுதியிருக்கிறார் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படலாம். நான் அன்று காலை தாமதமாகவே கிடங்குக்கு வருவேன். என்னைப் பார்க்காமலே அவளை அழைத்துக்கொண்டு போகலாம். இதை இப்படியே உறையிலிட்டு, பேர் போடாமல், தபாலில் சேர்க்கப் போகிறேன்.